ஏழு மணிக்கு ஒரு ரிங்

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். காலை 4.50க்கு எழுந்தேன். இரவு பெய்த மழையில் வாசல் ஈரம். இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி. மதியத்துக்குப் புளிச்சோறும் கத்திரிக்காய் வதக்கலும் டிபன் கேரியரில். 7.00 முதல் 7.20 வரை மிஸ்டு கால்கள்: பதினொன்று வர வேண்டும், பதினொன்றும் வந்தன. 7.50க்குக் கீரனூரில் பஸ். நார்த்தாமலை விலக்கைத் தாண்டும்போது கண்டக்டர் பாட்டை நிறுத்தினார்.

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் இருபத்தொரு ஆண்டுகளாக அநேகமாக மாறாமல் நடந்தவை. புதுக்கோட்டையில் பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் கவுன்சலராக இருந்தேன். ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எட்டு மாதமாகிறது. என் நாற்காலியிலும் என்னைப் போன்றவர்களின் நாற்காலிகளிலும் இப்போது உட்கார்ந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நன்றாகச் செய்தவற்றைப் பிரிவுபசார விழாவில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருப்பது ஒரு தவறு. அதற்குக் காரணம் பொறாமை. மரியாதையான வேறு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

மிஸ்டு கால் முறையை நீங்களும் பின்பற்றுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தெட்டு நாள் தங்கி வீட்டுக்குப் போகிறவர் முதல் மூன்று மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு என் போனுக்கு ஒரே ஒரு ரிங் விட வேண்டும். நேற்று தொடவில்லை, இன்றும் தொட மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். அவர் பேச வேண்டாம், நான் எடுக்கவும் மாட்டேன். கட்டம் போட்ட நோட்டில் அவருடைய வரிசையில் ஒரு டிக் போடுவேன். டிக் விழாவிட்டால் எட்டு மணிக்கு நான் கூப்பிடுவேன். இந்த விதியை ஏற்படுத்தியவள் நான். அதை முதலில் மீறியவளும் நான்தான்.

பஸ்ஸுக்கு வருகிறேன். பாட்டு நின்றதும் பின்சீட்டிலிருந்து ஏன் என்று கேட்டார்கள். "அண்ணன் போயிட்டாருங்க" என்றார் கண்டக்டர். எந்த அண்ணன் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் போனைப் பார்த்தார்கள். அந்த நடிகரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கதைக்கு அது தேவையில்லை. டீக்கடையிலும் சலூனிலும் கல்யாண மண்டபத்திலும் அவர் முகத்தைப் பார்க்காத ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. அவ்வளவு போதும்.

முதல் நாள் மாரடைப்பு என்றார்கள். மையத்தின் எதிரே இருந்த டீக்கடைக்காரர் அவர் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றி, காலை வியாபாரத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். பிருந்தாவனம் முக்கத்தில் மதியத்துக்குள் ஏழு ஃபிளெக்ஸ் எழுந்தது. கிராமங்களில் படத்துக்குப் பாலூற்றினார்கள். மொட்டை போட்டவர்களும் உண்டு.

புதன் மாலை உண்மை வெளியே வந்தது. மாத்திரைப் பழக்கம், பல வருடப் பழக்கம், இரண்டு முறை சிகிச்சைக்குப் போய்ப் பாதியில் வந்தவர். வியாழன் காலை டீக்கடைப் படத்தில் மாலை இல்லை. படம் மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, மாலை வாடிவிட்டது என்றார் கடைக்காரர். இரண்டே நாளில் சாமந்தி வாடாது.

அந்த நாலைந்து நாளில் ஜனங்கள் பேசியதை நாட்குறிப்பில் ஒன்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இவ்வளவு இருந்தும் புத்தி இல்லையே என்று என்னையே கண்டிக்கிற மாதிரி சொன்னார். பூக்கடை அம்மா, "அது பச்சப்புள்ளங்க. யாரோ பழக்கிவிட்டுட்டாங்க" என்று கண்ணைத் துடைத்தார். அவருடைய சொந்த அண்ணன் மகன் எங்கள் மையத்தில் இரண்டு முறை தங்கியவன். அவனை அவர் பச்சப்பிள்ளை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ரசிகர்களோ கடைசிவரை மாரடைப்பு என்றே சாதித்தார்கள். மாற்றிச் சொன்னவர்களோடு கைகலப்புக்கும் போனார்கள்.

எங்கள் வார்டில் பன்னிரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் பூ மழையாகக் கொட்டியது. வெகுநேரம் கழித்து ஒருவர் கேட்டார்: "அவருக்கு யாரு மேடம் கவுன்சலிங் குடுத்தது?" எனக்குத் தெரியாது என்றேன். "பாவம் அந்தாளு" என்றார் அவர். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மையத்தின் போன் ஓயவில்லை. வழக்கமாக அப்பாக்கள் கூப்பிட்டால் குரலை இறக்கி, என் பையனுக்கு ஒரு பிரச்சினை என்பார்கள். அந்த வாரம் கூச்சமில்லாமல், அந்த நடிகருக்கு வந்த மாதிரி என் பையனுக்கும் இருக்கிறது என்றார்கள். ஒரு வாரம் மட்டும் எங்கள் நோய்க்கு ஒரு கௌரவம் வந்தது.

கௌரவம் வரும்போது கேமராவும் வரும். வியாழன் பத்து மணிக்கு உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் நேராக ரஹ்மத்திடம் போனார்கள்.

ரஹ்மத் மையத்தின் இன்னொரு கவுன்சலர், கடற்கரைப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பதினேழு வயது இளையவள். அப்போது மையத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு நீள பெஞ்ச் உண்டு. அவள் வந்த ஆறாம் மாதத்திலிருந்து பெஞ்சில் உட்காருகிறவர்கள் அவள் கதவைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்கள். நான் கூப்பிட்டால், "இல்ல மேடம், நாங்க அந்தம்மாவுக்குத்தான் இருக்கோம்" என்பார்கள். நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கினால் அவள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். கோப்பில் இரண்டு வரி எழுதுவாள், அதுவும் கோழி கிளறிய மாதிரி. விட்டுப்போன தேதிகளைச் சாயங்காலம் நான் நிரப்புவேன். நோயாளிகள் வீட்டுக் கொய்யாப்பழமும் வேர்க்கடலையும் அவள் மேசைக்கு வரும். மேலதிகாரிகளின் பாராட்டு என் கோப்புகளுக்கு வரும். எது பெரியது என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் கோப்புதான் என்று சொல்லியிருப்பேன், கொய்யாப்பழத்தைப் பார்த்துக்கொண்டே.

கேமரா முன்னால் அவள் நன்றாகப் பேசினாள். இது நோய், கெட்ட குணம் இல்லை, காய்ச்சல் வந்த பிள்ளையைத் தெருவில் விடுவோமா என்று கேட்டாள். அது நான் சொல்கிற வாக்கியம். பயிற்சியின்போது அவள் என்னிடம் கேட்டதுதானே? மத்தியானம் சாப்பிடாமல் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டி, அந்த வாக்கியத்தை நான் முதலில் சொன்ன தேதியைக் கண்டுபிடித்தேன். குன்றாண்டார்கோவிலில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தில் சொல்லியிருந்தேன். அடுத்த வரியில் 'இந்த உதாரணம் எங்கள் மைய மருத்துவர் சொன்னது' என்றும் எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்த பிறகும் என் கோபம் இறங்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்று கிடைத்தாலும் பொறாமை தீர்ப்பை மாற்றாது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, வாராந்திரச் சந்திப்புக்கு, மைக்செட்டுக்காரர் வந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். எழுதியதைப் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் அடித்தார். நானும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன்.

அவருக்கு முப்பத்து மூன்று வயது. கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே முந்திரிக்காடுகள் தாண்டி அவர் கிராமம். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கரும் சீரியல் லைட்டும் போடுபவர். முதுகு வலிக்கு ஆரம்பித்த மாத்திரை நான்கு வருடம் அவரைத் தின்றது. எங்களிடம் இருபத்தெட்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மொத்தம் நாற்பத்தேழு நாள். அவர் வரிசையில் ஒரு டிக்கும் விடுபடவில்லை. அந்த இருபத்தெட்டு நாளும் அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார் என்பதுதான் ஊருக்கும் மாமனார் வீட்டுக்கும் தெரிந்த கதை. உண்மை அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அவர் என்னிடம் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். செவ்வாயன்று அவர் ஊர் ரசிகர்கள் அஞ்சலிக்கு அவரைத்தான் செட் போடச் சொன்னார்களாம். முக்கத்தில் படம், பால்குடம், ஊரே கூடிவிட்டது. அவர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் நின்று அந்த நடிகரின் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாராம். பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் மாமனாரும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"எனக்கும் அதே மாத்திரைதான் மேடம்" என்றார். "அவருக்குப் பால் ஊத்துறாங்க. எனக்கு இந்தப் பழக்கம்னு தெரிஞ்சா எங்க சொந்தத்துல சோறு போட்டாக்கூடத் தட்ட எட்ட நின்னுதான் தள்ளுவாங்க. நான் போயிருந்தா, விட்டுச்சுடா தொல்லைன்னுருப்பாங்க. செத்துக் கெடக்குறவரு மேல பொறாம வருது மேடம். இப்புடி வரலாமா?"

பொறாமையைப் பற்றி ஒருவர் என்னிடம் வந்து கேட்கிறார். அந்த வாரம் மாவட்டத்தில் அதற்குப் பதில் சொல்லத் தகுதியானவள் நான்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் சொன்ன வார்த்தைகளைக் கோப்பில் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே, இப்படி ஒரு வாக்கியம் ரஹ்மத்துக்குக் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். அவர் கேள்விக்கு ஏதோ வழக்கமான ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பது கோப்பில் இல்லை.

பன்னிரண்டே காலுக்குச் சேனல்காரர்கள் திரும்ப வந்தார்கள். ரஹ்மத்தின் பேட்டிக்கு நல்ல வரவேற்பாம், இன்னொன்று வேண்டுமாம், நேரில் பார்த்த கதையாக ஏதாவது சொன்னால் நன்றாயிருக்குமாம். ரஹ்மத் அறைக்குள்ளிருந்தே கையை ஆட்டினாள். "கதையெல்லாம் நம்மளது இல்லீங்க. வந்தவங்களோடது" என்றாள். அது எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் எழுந்து போய், நான் பேசுகிறேன் என்றேன்.

என் பேச்சில் பிசிறில்லை. வயது, தொழில், ஊர் இருக்கும் திசை, நாற்பத்தேழு நாள், செவ்வாய்க்கிழமை அஞ்சலிக்குப் பாட்டுப் போட்டவரே அவர்தான் என்பது, தட்டு, தொல்லை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் கேமராவைப் பார்த்து, பெயரைச் சொல்ல மாட்டேன், அது எங்கள் தொழில் தர்மம் என்றும் சொன்னேன். அன்றைய நாட்குறிப்பில் இருப்பது: 'பேட்டி பதினோரு நிமிடம். தடுமாற்றம் இல்லை.'

சனிக்கிழமை அந்தக் காணொளி என் போனுக்கே ஆறு பேர் வழியாக வந்தது. திறந்தே பார்க்காமல், நான்தான் அதில் பேசுகிறேன் என்று தெரியாமலே என் நாத்தனார் எனக்கு அனுப்பினார். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அழுகிறேன் என்று எழுதியிருந்தார்கள். இந்த அம்மா மாதிரி ஊருக்கு ஒருவர் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ரஹ்மத்தின் பேட்டிக்குக் கீழே இருந்தவற்றோடு ஒப்பிட்டேன். என்னுடையது கூடுதல்.

ஞாயிறு காலை ஏழு மணி. பத்து ரிங் வந்தது. மைக்செட்டுக்காரருடையது வரவில்லை. மழை, டவர் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டும் என்பது விதி. எட்டு மணிக்கு நான் புதிதாக வந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டத்தில் டிக்கும் இல்லை, குறிப்பும் இல்லை. இருபத்தொரு ஆண்டுகளில் நான் வெறுமையாக விட்ட ஒரே கட்டம் அது.

திங்களன்றும் வரவில்லை. எட்டுக்குக் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். மையத்துக்குள் நுழைந்ததும் ரஹ்மத் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீங்க சொன்னது அந்த மைக்செட் அண்ணன்தானே?"

என்னை மேடம் என்று கூப்பிடும்படி அவளிடம் பலமுறை சொல்லியிருந்தேன். "நான் பேரு சொல்லலையே" என்றேன்.

"எனக்கே தெரிஞ்சுபோச்சேக்கா. ஊருக்குத் தெரியாதா?"

அவள் தன் போனை நீட்டினாள். அதில் வேறொரு காணொளி. மைக்செட்டுக்காரர் கைகூப்பி நிற்கிறார். பின்னால் அந்த நடிகரின் ஃபிளெக்ஸ். அண்ணனைத் தன்னோடு சேர்த்துப் பேசியது தப்பு, அண்ணன் மாரடைப்பில்தான் போனார், எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்கிறார். பக்கத்திலிருந்து ஒரு குரல், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாப்ள. நாலு ஊருக்கு மைக்செட் போடுறவருக்குக் கொரல் இல்லையா?" என்கிறது. சிரிப்புச் சத்தம். அவர் திரும்பவும், சத்தமாகச் சொல்கிறார்.

ஒன்பதே முக்காலுக்கு நாங்கள் இருவரும் கந்தர்வக்கோட்டை பஸ் ஏறினோம். வழியில் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் என்ன சொல்லித் தப்பிப்பது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். பெயர் சொல்லவில்லை. முகம் காட்டவில்லை. நோக்கம் நல்லது. மூன்றும் சரியாகவே தோன்றின.

கந்தர்வக்கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் வாங்க என்றுதான் சொன்னார். நான் உட்காரவில்லை. தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "பேரு எங்கயும் சொல்லலம்மா. வேணும்னா பாருங்க."

அவர் என் எதிரே வந்து நின்றார்.

"எங்க ஊருல யாரு யாரப் பேரு சொல்லிக் கூப்புடுறாங்க? நான் அவரு பேரச் சொன்னதே இல்லீங்க, ரேசன் கடையிலகூட கார்ட நீட்டிருவேன். சின்னப்புள்ளையில இருந்து பெரியவங்க வரைக்கும் அவரு மைக்செட்டுக்காரருதான். பேர விட்டுட்டு ஆளத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே. நீங்க பேரச் சொல்லிட்டு மத்தத விட்டுருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

பயிற்சியில் நமக்கெல்லாம் பெயரை மறைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பெயரால் ஆட்களை அறிகிற ஊர்களில் எழுதப்பட்ட விதி. நம் ஊரில் தொழில்தான் பெயர், திசைதான் பெயர், செவ்வாய்க்கிழமை அவர் எங்கே நின்றார் என்பதுதான் பெயர். என்னுடைய துல்லியத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. அந்தத் துல்லியம்தான் அவரைக் கொண்டுபோய் முக்கத்தில் நிறுத்தியது. வளவளவென்று பேசும் ரஹ்மத் அதைச் செய்திருக்க முடியாது. அவளுக்குத் தேதியே நினைவிருக்காது.

நடந்ததை அவர் மனைவி சுருக்கமாகச் சொன்னார். சனிக்கிழமை மதியம் ரசிகர்கள் வந்து அந்தக் காணொளியை எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் மாமனார் வந்து திருப்பூர்க் கதையை மகளிடம் கேட்டிருக்கிறார். இவர் மறுக்கவில்லை. மகளைக் கையோடு கூட்டிப்போகப் பார்த்தார். இவர் போகவில்லை. அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த மைக்செட்டுக்காரர் ஞாயிறு காலை எங்கோ போய்விட்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைக்கும் கொட்டகைக்குள் உட்கார்ந்துவிட்டார். சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறார். பேசுவதில்லை.

"எங்க போயிட்டு வந்தாரு?" என்று கேட்டேன்.

"அத நீங்கதான் சொல்லணும். ஒங்களுக்குத்தான எல்லாம் தெரியும்" என்றார்.

கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. முதலில் நுழைய வேண்டியவள் நான்தான் என்று நினைத்தேன். அவர் என் நோயாளி. தவறும் என்னுடையது. விளக்கம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, நானே அவரைத் திரும்பக் கூட்டி வருவேன். கதவில் கை வைத்தபோது ரஹ்மத் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க வெளிய இருங்கக்கா."

"நான் மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கலாம். அது ஒங்களுக்காகக் கேக்குறது. அவருக்கு இப்ப அது வேணாம்."

பதினெட்டு ஆண்டு அனுபவத்தின் வித்தியாசம் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அவள் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது. தெரிந்த பிறகும், நீ யார் எனக்குச் சொல்ல என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம், அதைச் சொல்லாமல் கையைக் கதவிலிருந்து எடுத்தது. அது பெரிய காரியம் இல்லை. ஆனால் நெருக்கடியில் நம் தொழில் பெரும்பாலும் அந்த அளவுதான்: எந்தக் கதவில் நம் கை இருக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வது.

வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியில் உட்கார்ந்தேன். அவர் மனைவி எதிரே நின்றுகொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்தார். 11.20 முதல் 12.30 வரை. முதல் இருபது நிமிடம் உள்ளே பேச்சே இல்லை. பிறகு மெல்லிய சத்தத்தில் ஒரு பாட்டு. அந்த நடிகருடைய பாட்டு. அது நின்றது, திரும்பப் போட்டார்கள். ஏதோ ஒரு ஸ்பீக்கர் தவளை மாதிரிக் கரகரத்தது. அப்போது உள்ளே அவர் சிரித்தார்.

அவர் மனைவி கீரையை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் குரல் வெளியே கேட்கிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் வந்தது வேறு. இருபத்தெட்டு நாளும் அதற்கு மேல் மூன்று வெள்ளிக்கிழமையும் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அதை நான் அங்கேயே, அந்தப் பெட்டியில் உட்கார்ந்து, கணக்குப் பார்த்தேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பயந்து வந்த இடத்தில்கூடப் பொறாமை என்னை விடவில்லை. உங்களுக்கும் வரும். அன்றைக்கு வெட்கப்படுவதில் நேரத்தை வீணாக்காமல், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டரைக்கு இருவரும் வெளியே வந்தார்கள். ரஹ்மத்தின் உள்ளங்கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. ஒரு குழிகூடக் கிழிபடவில்லை. ஞாயிறு காலை வாங்கி, இருபத்தெட்டு மணி நேரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறார். அவள் அதை என்னிடம் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தேன். பத்து.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்று, தப்பு செஞ்சுட்டேன் என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. பெயர், முகம், நோக்கம் மூன்றையும் விழுங்கிக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம வாரேன்" என்றார் அவர். அதை ரஹ்மத்திடம் சொன்னார். "ஆனா இனிமே காலையில அவங்களுக்கு ரிங் விட மாட்டேன். ஒங்க நம்பரக் குடுங்க."

ரஹ்மத் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளுடைய எண்ணை ஒரு சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். அவள் எழுதினால் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், உள்ளே என்ன சொன்னாய் என்று.

"ஒண்ணும் சொல்லலக்கா. செவ்வாக்கெழம என்னென்ன பாட்டுப் போட்டீங்கன்னு கேட்டேன். போட்டுக் காட்டுனாரு. அந்தாளு பாட்டக் கேட்டு அன்னைக்கு ஊரே அழுதுச்சு, போட்டவரு மட்டும் அழுகலையாம். இன்னைக்கு அழுதாரு. பொறாம வரலாமான்னு ஒங்ககிட்ட கேட்டாராமே?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

நினைவில்லை என்றேன். அது பொய் அல்ல. "நீ என்ன சொன்ன?"

"வரும்ணே, எனக்கும் வரும்னேன். எங்க மேடம் கோப்பப் பாத்தா எனக்கு வயிறு எரியும், அவங்க மாதிரி ஒரு தேதிகூட எனக்கு நிக்காதுன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். மழைத் தண்ணீர் நிற்கிற கண்மாய் ஒன்று வெகுதூரம் கூடவே வந்தது. அவள் என்னை மேடம் என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதுவும் நான் இல்லாத இடத்தில்.

மாலை மையத்துக்கு வந்ததும் சேனலுக்குப் போன் செய்து காணொளியை எடுக்கச் சொன்னேன். முனகினார்கள், எடுத்துவிட்டார்கள். அதற்குள் அது போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போயிருந்தது. மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். கோப்பின் கடைசிப் பக்கத்தில் தேதியிட்டு எழுதினேன்: 'இவருடைய ரகசியம் வெளியானது. வெளியிட்டவர் கவுன்சலர்.' கீழே முழுக் கையெழுத்துப் போட்டேன். கோப்பின் மேலட்டையில் என் பெயரை அடித்து ரஹ்மத்தின் பெயரை எழுதி அவள் மேசையில் வைத்தேன். கொய்யாப்பழம் இரண்டு இருந்தது. நகர்த்தித்தான் வைக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. கட்ட நோட்டை விரித்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஏழிலிருந்து ஏழேகாலுக்குள் பத்து ரிங் வந்தது. பத்து டிக் போட்டேன். 7.16க்கு முழுதாக அடித்தது. ரஹ்மத்.

"வந்துச்சுக்கா" என்றாள். "ஒரே ரிங்."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவள் பார்க்கவில்லையாம். ஏழு மணி என்று எழுதிக்கொண்டு, அவருடைய வரிசையில் டிக் போட்டேன்.